டவர் பெயரில் வாங்கிய சிம்

ஆள் குள்ளம். நிமிர்ந்து நின்றாலும் பக்கத்தில் நிற்பவரின் தோளைத் தாண்டமாட்டார். அப்படிப்பட்டவருக்கு வெளிநாட்டு வேலை விடுதியின் அறைக்காரர்கள் சேர்ந்து வைத்த பெயர் டவர். எந்த மாடிப்படியில் உட்கார்ந்தால் பக்கத்துக் கட்டிடத்து வைஃபை எட்டும், எந்த சிம்மில் ஊருக்குப் பேசினால் கையைக் கடிக்காது, எந்தக் கடைக்காரன் பழைய போனைத் துடைத்துப் புதுசு என்று விற்பான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பெயர் வைத்தபோது அவரும் சேர்ந்துதான் சிரித்தார். போகப்போகச் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்காத அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

வேலை ஒரு பெரிய சலவைக்கூடத்தில். நகரத்து ஆஸ்பத்திரிகளின் போர்வை, தலையணை உறை, அறுவை அறையின் பச்சைத் துணி எல்லாம் அங்கேதான் வந்து சேரும். துவைத்துப் பிழிந்து வரும் போர்வையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறி, கொதிக்கக் கொதிக்கச் சுழலும் இரும்பு உருளைகளுக்குள் விடவேண்டும். மறுபக்கம் அது அப்பளம் மாதிரி மொடமொடவென்று வெளியே வரும். கொஞ்சம் அசந்தால் துணியோடு விரலும் உள்ளே போய்விடும். டவர் இடது முனை. அந்த முனையில் நின்று நின்று அவருடைய விரல் நுனிகளில் ரேகையே தேய்ந்துபோயிருந்தது. கட்டைவிரலை வைத்தால் அவருடைய போனே அவரை யாரென்று கேட்கும்.

இந்தப் போன் வித்தையை அவர் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. பட்டுத்தான் கற்றுக்கொண்டார்.

முதல்முதலாக அந்த நாட்டில் விமானம் இறங்கியபோது அவர் கையில் இருந்தது அண்ணன் பெயரில் இருந்த இணைப்பு. மாதம் முடிந்தபின் பில் வரும் வகை. தம்பி வெளிநாடு போகிறானே, போய்ச் சேர்ந்ததும் பேசட்டும் என்று அண்ணனே பெரிய மனதோடு கொடுத்தது. கம்பெனி வண்டி வரும்வரை விமான நிலையத்து வாசலில் அரைநாள் உட்காரவேண்டியிருந்தது. டவர் மனைவியிடம் வீடியோவில் பேசினார். மகளுக்குக் கண்ணாடிக் கதவுகளையும் தானாக நகரும் படிக்கட்டையும் காட்டினார். அவர் பேசியது கொஞ்சம்தான். பையில் போட்ட பிறகு அவருக்குத் தெரியாமல் போன் தானாகத் தின்றது ஏராளம். படங்கள் தாமாக எங்கேயோ ஏறின, செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொண்டன. ரோமிங் என்று ஒன்று இருப்பதும், அது ஆளைக் கேட்காமல் மீட்டரை ஓட்டும் என்பதும் அன்றைக்கு அவருக்குத் தெரியாது. பில் அண்ணன் வீட்டுக்கு வந்தது. அண்ணன் தன் மகள் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்ததில் கைவைத்து அதைக் கட்டினார். கட்டிவிட்டு, தம்பி என்று ஒருவன் இருந்தான் என்பதையே மறந்துவிட்டார். டவர் பிறகு பணத்தை அனுப்பினார். பணம் திரும்பி வந்தது, பேச்சு வரவில்லை.

அதனால்தான் புது ஆட்கள் வண்டியிலிருந்து இறங்கியதும் டவர் போய் நிற்பார். பெட்டியை இறக்குவதற்கு முன்னால் போனை வாங்குவார். வெளிநாட்டில் டேட்டா எடுக்காதபடி அமைப்பை மாற்றுவார், தானாக ஏறும் படங்களை நிறுத்துவார், வாய்ஸ் மெயிலை அணைப்பார். ஊர் சிம்மை ஒரேயடியாகக் கழற்றி எறியாதே, பேங்க் மெசேஜ் அதில்தான் வரும், இரண்டாவது துளையில் கிடக்கட்டும், பேச்சுக்கும் டேட்டாவுக்கும் மட்டும் இங்கத்து சிம் போட்டுக்கொள், ஊர் நம்பர் செத்துப்போகாமல் அவ்வப்போது சின்னதாக ஒரு ரீசார்ஜ் பண்ணச் சொல் என்று ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் சொல்லுவார். சொன்னவர் தன் விஷயத்தில் அதைச் செய்யவில்லை. அவருடைய போனில் ஒரே ஒரு துளை. அண்ணன் இணைப்பு போனபின், ஒரு விடுமுறையில் ஊருக்குப் போனபோது சொந்தப் பெயரில் வாங்கியிருந்த நம்பரைக் கழற்றிப் போனின் பின் உறைக்குள் செருகினார். அப்புறம் அதை மறந்தே போனார்.

உள்ளூர் சிம் வாங்குவதில் ஒரு சிக்கல் இருந்தது. அடையாள அட்டை இல்லாமல் கொடுக்கமாட்டார்கள். புது ஆட்களுக்கு அட்டை வர ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகும். அதுவரை பாஸ்போர்ட் கம்பெனியின் பீரோவில். விடுதியிலும் வைஃபை கிடையாது, மாடிப்படியில் எட்டும் பக்கத்துக் கட்டிடத்து வைஃபை பேச்சுக்குத் தாங்காது. வந்த புதிதில்தான் ஆளுக்குக் குரல் கேட்கவேண்டும்போல இருக்கும், அப்போதுதான் பேச வழி இருக்காது. டவர் தன் அட்டையைக் காட்டி, தன் பெயரில் சிம் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தார். ஒரு அட்டைக்குச் சில சிம்கள்வரை தருவார்கள். அட்டை வந்ததும் அவரவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளவேண்டும் என்பது பேச்சு. பெரும்பாலானவர்கள் மாற்றிக்கொண்டார்கள்.

இது அவருடைய மனைவிக்குப் பிடிக்கவில்லை. அவள் ஊரில் பஸ் நிலையத்தை ஒட்டிய ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க அடுத்தவர்களின் அடையாள அட்டைகளை நகல் எடுத்துக் கொடுப்பவள். ஒருமுறை அவர் பெருமையாக இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

"உதவி பண்றது சரிங்க. ஆனா உங்க பேர்ல எதுக்கு? நாளைக்கு அவன் ஏதாவது பண்ணிட்டா உங்களத்தானே தேடி வருவாங்க?"

"அவன் என்ன பண்ணப்போறான். பொண்டாட்டிகிட்ட பேசப்போறான்" என்றார் டவர்.

அந்தச் சமயத்தில்தான் மேஸ்திரி வந்து சேர்ந்தார். ஊரில் கட்டிட மேஸ்திரியாக இருந்தவர், டவரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கொத்து வேலை என்று சொல்லித்தான் ஏஜெண்டு அனுப்பியிருந்தான். இங்கே வந்தால் ஈரத் துணியை வண்டியில் அள்ளிப் போடும் வேலை. மட்டக்கோல் பிடித்த கைக்கு அது பெரிய இறக்கம். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துகொண்டிருந்தது, வாரத்துக்கு இரண்டு தடவை மெஷினில் ரத்தம் சுத்தம் செய்யவேண்டும். அதற்காகத்தான் இந்த வயதில் விமானம் ஏறியிருந்தார். டவர் அவருக்கு வழக்கம்போல் தன் பெயரில் சிம் வாங்கிக் கொடுத்தார். மேஸ்திரி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வேலை முடிந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து மனைவியிடம் பேசுவார். பேசுவார் என்றுகூடச் சொல்லமுடியாது. அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே ஏதோ சொல்லும், இவர் உம் கொட்டுவார். அவர்கள் குரல் கேட்கும்போது டவருக்குத் தன் அண்ணனுக்கு நடந்ததெல்லாம் வீணாகவில்லை என்று ஒரு நினைப்பு வரும்.

மேஸ்திரிக்கு அடையாள அட்டை வருவதற்குள் சம்பளப் பிடித்தம் ஆரம்பித்துவிட்டது. சாப்பாட்டுக்கு, படுக்கைக்கு, விசாவுக்கு என்று கழித்துக் கழித்து, கையில் வந்தது மெஷினுக்கு ஒரு தடவைக்குக்கூட காணாது. வெளியே கட்டிட வேலைக்கு நாள் கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ காதில் போட்டிருக்கவேண்டும். ஒருநாள் காலை வண்டியில் மேஸ்திரி இல்லை. படுக்கையின் மேல் கம்பெனிச் சீருடையை மடித்து வைத்துவிட்டு ஆள் ஓடிப்போயிருந்தார்.

சூப்பர்வைசர் அறையறையாக வந்து விசாரித்தார். நிஜமாகவே யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் ஓடிப்போனவர் பையில் இருப்பது டவருடைய பெயர். அன்று வேலை முடிந்து நேராக சிம் கடைக்குப் போனார். அந்த நம்பரை நிறுத்தவேண்டும் என்று சொன்னால் போதும், ஒரு நிமிஷ வேலை. வரிசையில் நின்றார். அவர் முறை வருவதற்கு முன்னால் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. மேஸ்திரியின் மனைவி. முன்பு ஒருதடவை மேஸ்திரி டவர் போனிலிருந்து பேசியதில் அவளுக்கு நம்பர் போயிருந்தது. தம்பி, அவர் இப்பதான் பேசினாரு, நல்லா இருக்காராம், வேலை கிடைச்சிருச்சாம், உங்களுக்குச் சொல்லச் சொன்னாரு என்று விட்டுவிட்டுச் சொல்லிமுடித்தாள் அந்த அம்மா. நம்பரை நிறுத்தினால் அவர்களுடைய பேச்சும் நிற்கும். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டபோது டவர் ஒரு ரீசார்ஜ் மட்டும் செய்துகொண்டு திரும்பினார்.

மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன கேட்பாள் என்று தெரியும்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஒருநாள் மதியம் உருளைகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாதாரண உடையில் இரண்டு பேர் சலவைக்கூடத்துக்குள் வந்தார்கள். சூப்பர்வைசர் மெஷினை நிறுத்தச் சொன்னார். நின்ற மெஷினுக்குள் பாதிப் போர்வை கருகும் வாசனையோடு மாட்டிக்கிடந்தது. வந்தவர்கள் அட்டையிலிருந்த முழுப் பெயரைப் படித்தார்கள். டவருக்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உறைக்கவே கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஸ்டேஷனில் விஷயத்தைச் சொன்னார்கள். அவருடைய பெயரில் இருக்கும் ஒரு நம்பரிலிருந்து யாரோ பேங்க் அதிகாரி மாதிரி பேசி, தனியாக வாழும் ஒரு வயதான அம்மாளிடம் ரகசிய எண்ணை வாங்கி, அவளுடைய ஓய்வுக்காலச் சேமிப்பை வழித்தெடுத்துவிட்டார்கள். நம்பரைக் காட்டினார்கள். மேஸ்திரிக்கு வாங்கிக் கொடுத்தது. மொழிபெயர்க்க வந்தவருக்குத் தெரிந்த மொழி டவருக்கு அரைகுறை, டவர் சொன்னது அவருக்கு அரைகுறை. இரவலாகக் கொடுத்தேன் என்று இவர் சொன்னது விற்றேன் என்று ஆகி, அதைத் திருத்தப்போய் இன்னும் குழம்பியது. போனை வாங்கி ஒரு உறையில் போட்டு ஒட்டினார்கள்.

விடுதியில் அதற்குள் செய்தி பரவிவிட்டது. அறையில் இருந்தவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு காலத்தில் டவர் கொடுத்த சிம்மில் பேசியவர்கள். அன்றைக்கே அவரவர் சிம்மை ஒடித்துக் கழிப்பறையில் போட்டார்கள். வெளியே யாராவது இதைப் பேசினால் அவரும் அதே போலீஸ் வண்டியில் ஏறவேண்டியிருக்கும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. டவருடைய வீட்டுக்குத் தெரிவிக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதாம். ஆனால் அவர் மனைவியின் நம்பர் டவர் போனைத் தவிர யாரிடமும் இல்லை. தேடினால் கிடைத்திருக்கும். பயந்தவர்கள் தேடமாட்டார்கள்.

காவலில் வைத்த இடத்தில் வாரத்துக்கு ஒருமுறை சுவர் போனில் பேசவிட்டார்கள். வரிசை நகர்ந்து டவரின் முறை வந்தது. ரிசீவரைக் கையில் எடுத்த பிறகுதான் அவருக்கு அது புரிந்தது. மனைவியின் நம்பர் அவருக்குத் தெரியாது. யாரோ ஒருவன் அடிக்கடி கூப்பிட்டுத் தொல்லை கொடுக்கிறான் என்று அவள் சில மாதங்களுக்கு முன்னால்தான் நம்பரை மாற்றியிருந்தாள். அவர் அதைப் பெயர் போட்டுப் பதிந்துகொண்டதோடு சரி. தினமும் அவள் முகத்தைத் தொட்டால் மணி அடிக்கும், எண் எதற்கு? அண்ணன் நம்பர் தெரியும், ஆனால் அண்ணனும் எப்போதோ மாற்றிவிட்டார். மகள் படிக்கும் பள்ளிக்கூடம், ஜெராக்ஸ் கடை, எதுவும் எண்ணாக அவர் தலைக்குள் இல்லை. பின்னால் நின்றவன் முதுகில் தட்டினான். அவசரத்தில் விரல்கள் தாமாக ஒரு எண்ணை அழுத்தின. தேய்ந்த விரல்களுக்குத் தெரிந்த ஒரே எண் அது. அவருடைய சொந்த ஊர் நம்பர். உறைக்குள் செருகி மறந்துபோனது.

அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று சொல்லும் என்று நினைத்தார். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"யாருங்க?"

ஆண் குரல். பின்னால் ஏதோ உருண்டு விழும் சத்தம். டவர் அவசரமாகச் சொன்னார். "சார், நான் வெளிநாட்டுல ஜெயில்லேர்ந்து பேசறேன். இந்த நம்பர் முன்னாடி என்னோடது. என் வீட்டுக்கு ஒரு தகவல் சொல்லணும்."

"ஆமா. போன வாரம் ஒருத்தன் கஸ்டம்ஸ்லேர்ந்து பேசினான். இந்த வாரம் ஜெயிலா" என்றது குரல். "வேற ஆளப் பாரு தம்பி." வைத்துவிட்டது.

ஏமாற்றுப் பேச்சுப் பேசியதாகத்தான் அவரை உள்ளே வைத்திருந்தார்கள். இப்போது நிஜத்தைச் சொன்னாலும் அப்படித்தான் கேட்கிறது. அந்த வாரம் முழுக்க டவர் சுவரைப் பார்த்துக்கொண்டு அடுத்த தடவை சொல்லவேண்டிய வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பரைக் கம்பெனி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அவரே எத்தனை பேருக்கு எச்சரித்த விஷயம்.

அடுத்த வாரம் அதே குரல் எடுத்ததும், பணம் கேட்கவில்லை, எந்த எண்ணும் கேட்கவில்லை, ஒரு இடத்தைச் சொல்கிறேன், அங்கே ஒரு தகவல் மட்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னார். ஊரைச் சொன்னார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையைச் சொன்னார். அந்த ஆள் வைக்கவில்லை.

"உங்க பேரு என்ன?"

டவர் தன் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னார்.

"அந்தப் பேரா நீங்க" என்றார் அந்த ஆள். "பேங்க்காரன், இன்சூரன்ஸ்காரன், எல்லாரும் அந்தப் பேரச் சொல்லித்தான் எனக்குப் போன் பண்றாங்க. நான் அவன் இல்லன்னு சொல்லிச் சொல்லி என் தொண்டையே வறண்டுபோச்சு."

அவர் தண்ணீர் கேன் போடுகிறவர். அந்த ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் தள்ளி இருந்தார். பார்க்கிறேன் என்றார், போகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் போனார். ஒரு நாள் தன் வேலையைப் போட்டுவிட்டுப் போனார்.

இதற்கிடையில் வீட்டில் நடந்தது வேறு. போன் அடித்தால் அணைத்திருக்கிறது என்றே வந்துகொண்டிருந்ததால் மனைவி ஏஜெண்டிடம் போய் நின்றாள். ஏஜெண்டு கம்பெனிக்குப் பேசுவதுபோல் பேசிவிட்டு, ஆள் ஓடிப்போய்விட்டார் என்று சொன்னான். உண்மையைச் சொன்னால் அனுப்பியவன் என்ற முறையில் தன்மேல் பழி வரும் என்று பயந்தானோ, இல்லை அவனுக்குச் சொல்லப்பட்டதே அதுதானோ தெரியாது. ஓடிப்போனார் என்றால் எதற்கு? அக்கம்பக்கத்தில் பதில் தயாராக இருந்தது. அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டிருப்பார் என்றார்கள். இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம் என்றார்கள். வாடகை நின்றது. அவள் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டு மாடி அறைக்குப் போனாள். ஜெராக்ஸ் கடை வேலையை மட்டும் விடவில்லை. அதனால்தான் தண்ணீர் கேன்காரரால் அவளைக் கண்டுபிடிக்க முடிந்தது.

மூன்றாவது வாரம் டவர் போன் செய்தபோது அவர் சங்கடத்தோடு பேசினார். "சொல்லிட்டேங்க. ஆனா உங்க சம்சாரம் நம்பல. நானும் ஏமாத்துக்காரன்னு நெனச்சுட்டாங்க. அவர்தான்னா ஒரு அடையாளம் சொல்லச் சொல்லுங்கன்னாங்க."

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். கல்யாணம், குழந்தை பிறந்த நேரம், இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த ஆயிரம் விஷயம் இருந்தது. டவர் வாயில் வந்தது ஒன்றுதான்.

"உங்க பேர்ல எதுக்குன்னு கேட்டியே, அதுதான் நடந்துச்சுன்னு சொல்லுங்க."

அதற்கடுத்த வாரம் தண்ணீர் கேன்காரர் அவளுடைய நம்பரைப் படித்தார். டவரிடம் எழுத ஒன்றும் இல்லை. திருப்பித் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தார், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு. அவளோடு பேச இன்னும் ஒரு வாரம் காத்திருக்கவேண்டியிருந்தது.

அவள் அழவில்லை. எங்கே இருக்கிறீர்கள், என்ன கேஸ், எப்போது விடுவார்கள் என்று கேட்டாள். பதிலெல்லாம் கேட்டுக்கொண்டாள். நேரம் முடியப்போகிறது என்று காவலர் விரலைத் தூக்கிக் காட்டியபோதுதான் அதைச் சொன்னாள்.

"செத்துட்டீங்கன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன். ஓடிட்டீங்கன்னு சொன்னாங்க. அழக்கூட முடியல."

வழக்கு நடந்தது. பணத்தைப் பறிகொடுத்த அம்மாள் நீதிமன்றத்துக்கு வந்திருந்தாள். நரைத்த முடியைச் சின்னதாக வெட்டி, வெளுத்த கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். டவரை ஒரே ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. ஏதோ அருவருப்பான பொருளைத் தெரியாமல் மிதித்துவிட்ட மாதிரி உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போனில் பேசியவன் அந்த நாட்டு மொழியைத் தண்ணி பட்ட பாடாகப் பேசினான் என்று அவள் சொன்னதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார். டவருக்கு அந்த மொழியில் வணக்கமும் கூட்டல் கழித்தலும் மட்டும்தான் வரும் என்பது நீதிபதிக்கு அங்கேயே தெரிந்தது. மோசடிக் குற்றம் நிற்கவில்லை. ஆனால் தன் அட்டையில் வாங்கிய சிம்மை அடுத்தவருக்குக் கொடுத்தது குற்றம். அதற்குச் சில மாதம் சிறை, பிறகு ஊருக்கு அனுப்பிவைப்பு, திரும்ப அந்த நாட்டுக்குள் வரவே கூடாது. டவர் அந்த அம்மாளிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தார். என்ன சொல்வது, எந்த மொழியில் சொல்வது என்று தெரிவதற்குள் அவள் போய்விட்டாள்.

சிறை முடிந்து ஊருக்கு அனுப்பப்படுகிறவர்களை வைக்கும் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஓடிப்போனவர்கள், விசா முடிந்தவர்கள், எல்லோரும் கடைசியில் அங்கேதான். சாப்பாட்டு வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவர் தட்டோடு திரும்பினார். மேஸ்திரி.

டவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை, மேஸ்திரி பாதி உடம்பாகியிருந்தார். மேஸ்திரிக்கு மட்டும் உடனே தெரிந்தது. டவர் இத்தனை மாதமும் இந்த முகத்தைத்தான் மனதில் நிறுத்தி வைத்துக்கொண்டு, கேட்கவேண்டிய கேள்வியையெல்லாம் கூராக்கி வைத்திருந்தார். அடிக்கக்கூட நினைத்ததுண்டு. இருவரும் சுவரோரம் போய் உட்கார்ந்தார்கள்.

"சிம்மை வித்தீங்களா மேஸ்திரி?"

"போனை வித்தேன் தம்பி. சிம்மு உள்ளயே இருந்துச்சு. கழட்டணும்னு தோணல."

"எதுக்கு வித்தீங்க?"

மேஸ்திரி தட்டைக் கீழே வைத்தார். "அவ போயிட்டா. அந்தப் போன்லதான் சொன்னாங்க. அதுக்கப்புறம் அதக் கையில வெச்சிருக்க முடியல. இனிமே யாருகிட்ட பேசறதுக்கு?"

டவருக்கு அந்தக் கடையில் வரிசையில் நின்றது நினைவுக்கு வந்தது. யாருடைய குரலுக்காக அந்த நம்பரை விட்டுவைத்தாரோ அந்தக் குரல் நின்றவுடன் நம்பர் வேறு கைக்குப் போயிருக்கிறது. கூராக்கி வைத்திருந்த கேள்வி எதுவும் வரவில்லை. மன்னிக்கவும் முடியவில்லை. தம்பி, தம்பி என்று மேஸ்திரி ஏதோ சொல்லவந்தார். உங்களுக்கு இப்படி ஆகும்னு தெரியாது என்றோ என்னவோ. டவர் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டார். அதன்பின் அங்கே இருந்த நாட்களில் இருவரும் ஒரே கூடத்தில் எதிரெதிர் மூலையில் படுத்தார்கள். மேஸ்திரியை முதலில் அனுப்பினார்கள். போகும்போது அவர் டவர் பக்கம் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். டவர் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வந்து இறங்கியபோது வரவேற்க யாரும் இல்லை, அவரும் யாரையும் வரச்சொல்லவில்லை. பஸ்ஸைப் பிடித்து மனைவியின் அக்கா வீட்டுக்குப் போனார். மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். படியேறி வருபவரைப் பார்த்தாள். வாங்க என்றாள். ஒரு விருந்தாளியிடம் சொல்வதுபோல இருந்தது. கையிலிருந்த துணியை உதறிப் போட்டுவிட்டுத்தான் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். மகள் வளர்ந்திருந்தாள். வந்து பக்கத்தில் நின்றாள், தொடவில்லை. அப்பா ஓடிப்போய்விட்டார் என்று வகுப்பில் பேசியதை அவள் பல மாதம் தனியாகக் கேட்டிருக்கிறாள். அது பொய் என்று பிறகு தெரிந்தாலும், கேட்டது கேட்டதுதான்.

தண்ணீர் கேன்காரருக்கு டவர் மறுநாளே போன் செய்தார். நன்றியை எப்படிச் சொல்வது என்று இவர் திணறிக்கொண்டிருக்க, அந்த மனிதர் இடைமறித்தார்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க. மொதல்ல பேங்க்குக்குப் போய் நம்பர மாத்துங்க. இன்னிக்கும் ரெண்டு பேர் என்னைத் திட்டிட்டாங்க."

டவர் சிரித்தார். அதைக் கேட்டு மகள் எட்டிப்பார்த்தாள்.

உள்ளூரில் ஒரு நர்சிங் ஹோமின் துணி துவைக்கும் வேலை கிடைத்தது. அங்கே உருளை மெஷின் கிடையாது, சாதாரண இஸ்திரிப் பெட்டிதான். சில மாதம் கழித்து ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். மனைவி கூட வந்தாள். ஆனால் பேச்சு தேவைக்கு மேல் போகவில்லை. சமையல், வாடகை, மகளின் பீஸ், அவ்வளவு. அவர் நடந்தது முழுவதையும் ஒருநாள் அவளிடம் சொன்னார். கடை வரிசையில் நின்றதை, நிறுத்தாமல் திரும்பி வந்ததை, கூடத்தில் மேஸ்திரியைப் பார்த்ததை. அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். மேஸ்திரி மனைவியின் குரலுக்காக அவர் தன் குடும்பத்தைப் பணயம் வைத்தார் என்று நினைக்கிறாளா, வேறு என்ன செய்திருக்க முடியும் என்று நினைக்கிறாளா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வாரக்கணக்கில் அப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் உட்கார்ந்து செருப்பின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளிருந்து வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவ்வளவு பக்கத்தில்.

"அந்த மேஸ்திரிக்குப் பசங்க உண்டா?"

"ரெண்டுன்னு சொன்னதா ஞாபகம்."

"இப்ப யாருகிட்ட இருக்காங்க?"

டவர் ஊசியை நிறுத்தினார். "தெரியல. கேக்கல."

"கேட்டிருக்கலாம்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எழுந்து போகவும் இல்லை. இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.